‘தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தவர்

மரகதவல்லி இறந்துபோன செய்தி வந்தபோது நான் திருமங்கலத்தில் என் கிளினிக்கில் இருந்தேன். ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்ததால் கைபேசி அதிர்ந்தும் எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்ததும் எடுத்தேன். பேசியது அவருடைய தம்பி மகன். கோயம்புத்தூர்க்காரர். சில வாரங்களாக வில்லாபுரத்தில் அத்தையோடு வந்து தங்கியிருந்தார். “அத்தை போயிட்டாங்க டாக்டர். காலைல காபி கொண்டுபோய்க் குடுத்தேன். எந்திரிக்கல” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை, நீங்கள் பெயர்களைச் சொன்னால் நானே பேசிவிடுகிறேன் என்றார்.

சொல்லத் தொடங்கினேன். நான்கைந்து பெயர்களோடு நின்றுவிட்டது. பெண்கள் கல்லூரி ஒன்றில் எத்தனையோ வருடம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், எழுபதை நெருங்கும்வரை மதுரையை விட்டு வேறெங்கும் குடியிருக்காதவர். அவர் இறந்ததைச் சொல்ல ஆட்களை யோசித்துத் தேட வேண்டியிருந்தது. பெரியவர் கையில் சுற்றிய பட்டையோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். “வேண்டியவுகளா டாக்டரம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்ன உறவு சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

மூலக்கரை மயானத்தில் நாங்கள் ஒரு வேனில் அடங்கிவிடும் அளவுக்குத்தான் இருந்தோம். அவருடைய பழைய மாணவி ஒருத்தி, இப்போது வங்கியில் வேலை பார்ப்பவள், கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மேடத்தைப் பற்றி நீங்கள் ஏதாவது எழுத வேண்டும், எங்களுக்கு வகுப்பறை மரகதம் மேடத்தை மட்டும்தான் தெரியும் என்றாள். அதனால் எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களுக்கும், சோழவந்தான் பக்கம் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரோடு சண்டை போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

*

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கூட்டத்தில். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த நேரம் எனக்கு. மதுரையில் நூற்பாலை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை, சோழவந்தானைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் எல்லோருக்கும் எல்லா வைத்தியமும் இலவசமாகத் தர நினைத்தது. அறக்கட்டளையின் தலைவர் நல்ல மனிதர். தன் தாயார் நினைவாகச் செய்ய விரும்பினார். ஆஸ்பத்திரியை நடத்த என்னைக் கூப்பிட்டிருந்தார். எவ்வளவு செலவாகும் என்று சொல்ல மரகதவல்லியைக் கூப்பிட்டிருந்தார்.

பருத்திச் சேலை, தோளில் கனமான துணிப்பை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. தலைவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னென்ன வைத்தியம் தரப்போகிறீர்கள் என்று கேட்டார். எல்லாம்தான் என்றார் தலைவர். பல்லுமா, கண்ணுமா, கண்ணாடியுமா, புற்றுநோய்க்குமா, சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் சுத்திகரிப்பதுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். தலைவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

“சார், எல்லாம்ங்கிறது ஒரு நல்ல வார்த்தை. அதுக்கு விலை போட முடியாது. எதெதுன்னு சொல்லுங்க, போட்டுப் பாப்போம்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆள் யாரென்று பார்த்துவைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, “நீங்க எப்ப ஊருக்குள்ள போறீங்க டாக்டர்? நானும் வாரேன்” என்றார்.

அப்போதிருந்து கடைசிவரை அவருக்கு நான் டாக்டர்தான். எனக்கு அவர் மேடம்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நீ, வா, போ என்று பேசிக்கொள்ள எத்தனையோ சந்தர்ப்பங்கள் வந்தன. இருவருமே அதைச் செய்யவில்லை.

*

பஸ்ஸில்தான் போவோம். சோழவந்தானில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பவர்களிடம் வரப்பில் நின்றபடியே பேசுவார். வீடு வீடாகப் போய், போன மாதம் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா, எங்கே காட்டினீர்கள் என்று கேட்பார். ஊரில் அவருக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர் வந்துவிட்டது. பொருளாதாரம் என்று அவர் இரண்டு முறை திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான். எங்களுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறோம். ஒரு வீட்டில் அறுபது வயதுக்காரி ஒருத்தி அப்படிச் சொன்னாள். அவள் கண் இரண்டிலும் புரை விழுந்து வெளுத்திருப்பது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. எங்களை உட்காரச் சொல்லிப் பாயை விரித்தவள், நாங்கள் நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கமாக விரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மரகதவல்லி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமயநல்லூர் தாண்டியதும், “அந்தம்மாவை நான் எந்தக் கணக்குல சேக்கிறது? நோய் இல்லன்னு அவங்க சொல்றாங்க. இருக்குன்னு நீங்க சொல்றீங்க. ஆஸ்பத்திரி தொறந்தா வருவாங்களா, மாட்டாங்களா?” என்று கேட்டார். வருவாள் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்குத் தெரியாதுதான். முப்பது வருட அனுபவத்தில் ஒரு நம்பிக்கை, அவ்வளவே.

அவருடைய சிரமம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. இலவச வைத்தியத்துக்கு என்ன செலவாகும் என்றால், இத்தனை நோயாளிகள், ஒருவருக்கு இத்தனை ரூபாய், பெருக்கிவிட வேண்டியதுதானே என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை நோயாளிகள் என்பதே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இதுவரை வந்தவர்களைத்தான் எண்ண முடியும். வராதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கதவைத் திறந்தால்தான் அவர்கள் வருவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னால்தான் கதவைத் திறக்கப் பணம் கிடைக்கும்.

வைத்தியம் பார்த்துக் காப்பாற்றிவிட்டால் பின்னால் செலவு குறையும் என்று நான் வாதாடுவேன். அதற்கு அவர் ஒருநாள் சொன்னது: “நாம காப்பாத்துனவரு இன்னும் இருபது வருஷம் இருப்பாருல்ல டாக்டர். இருபது வருஷமும் மாத்திரை வேணும். செலவு கூடத்தான் செய்யும். கூடட்டுமே. அவரு உசுரோட இருக்கணும்னுதானே ஆரம்பிச்சோம்?”

கடைசியில் அறக்கட்டளைக்கு மூன்று தொகைகள் எழுதிக் கொடுத்தார். சிறியதற்கும் பெரியதற்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம். தலைவரின் ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரே தொகையாகச் சொல்ல முடியாதா மேடம் என்றார். சொல்லலாம், ஆனால் அது உங்கள் வசதிக்குச் சொன்னதாக இருக்கும், எனக்குத் தெரிந்து சொன்னதாக இருக்காது என்றார் இவர். ஆடிட்டர் நடுவில் இருந்த தொகைக்குக் கீழே கோடு போட்டார். ஆஸ்பத்திரி வந்தது.

*

பூட்டிக் கிடந்த ஒரு அரிசி ஆலையை வெள்ளையடித்து ஆரம்பித்தோம். மில்லாஸ்பத்திரி என்பார்கள். திறந்த மறுநாளே சுவரை ஒட்டி வரிசை நின்றது. நான், இன்னொரு இளம் டாக்டர், மூன்று நர்சுகள். மருந்து வாங்கி வைத்தால் தீர்ந்துகொண்டே இருந்தது. பெரிய வைத்தியங்களுக்கு மதுரையில் சில மருத்துவமனைகளோடு ஏற்பாடு செய்திருந்தோம். அங்கிருந்து வந்த பில்களும் வந்துகொண்டே இருந்தன.

வாரம் ஒருநாள் மரகதவல்லி வந்து பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருநாள் பேச்சியம்மாள் வந்தாள். தென்கரைப் பக்கத்துக்காரி, நாற்று நடும் வேலைக்குப் போகிறவள், ஐம்பது வயது இருக்கும். நர்ஸ் வெளியே போனபிறகுதான் வாயைத் திறந்தாள். கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்துவிட்டிருந்தது. மடித்த துணியை வைத்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பிரசவத்திலிருந்து அப்படியேதான் வயலில் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணமாகிவிட்டது.

அவள் அனுமதியோடு மரகதவல்லியை உள்ளே கூப்பிட்டேன். நாங்கள் வீடு வீடாகப் போனபோது பேச்சியம்மாள் வீட்டுக்கும் போயிருந்தோம். மரகதவல்லிக்கு அந்த வீடு நினைவிருந்தது. நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே பேச்சியம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்க நோயி இருக்கான்னுல கேட்டீக டீச்சர். இது நோயின்னு எனக்குத் தெரியாதே. பொம்பளையாப் பொறந்தா இருக்கும்போலன்னு நெனச்சேன்.”

மரகதவல்லி அறுவை சிகிச்சைக்கு அவளை மதுரைக்கு அழைத்துப்போகும் வேனில் தானும் ஏறிக்கொண்டார். அங்கே சேர்த்துவிட்டு, அவளுடைய மகள் வந்து சேரும்வரை கூடவே இருந்திருக்கிறார். அதன்பிறகு அவர் போட்ட எந்தக் கணக்கிலும், நோயில்லை என்று சொன்னவர்களை அவர் நோயில்லாதவர்களாக எடுத்துக்கொண்டதில்லை. அவர்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கும் அவரிடம் வழி இல்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போவார்.

*

வருடம் பாதி போவதற்குள் அந்த வருடத்துக்கான பணம் கரைந்துவிட்டது. அறக்கட்டளை கூட்டம் போட்டது. உறுப்பினர்களில் இருவர், இலவசம் என்றால் சும்மாவே வருவார்கள், தலைவலிக்கெல்லாம் வருகிறார்கள் என்றார்கள். நுழைவதற்கு ஒரு சிறு கட்டணம் வைத்தால் தேவையில்லாதவர்கள் நின்றுவிடுவார்கள் என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பேச்சியம்மாளைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தியைச் சொல்லி எல்லோரையும் நியாயப்படுத்த முடியாது என்றார்கள். மரகதவல்லி, எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள், வருகிறவர்களை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

தினமும் வந்தார். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் பேசினார். அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னது: வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வர வேண்டியவர்கள், பல வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியவர்கள். சும்மா வருகிறவர்களும் உண்டு. உதாரணத்துக்கு, ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர். மனைவி இறந்தவர். பிள்ளைகள் திருப்பூரில். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசத்தான் வருகிறார். பேர் எழுதினால்தான் உட்கார முடியும் என்பதால் ஒவ்வொரு முறையும் முழங்கால் வலி என்று எழுதவைக்கிறார். அவரே இதைச் சொன்னார்.

உறுப்பினர்கள் அந்த போஸ்ட்மேனைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மற்ற யாரைப் பற்றியும் பேச்சே எழவில்லை. கட்டணம் முடிவாகிவிட்டது.

வெளியே வந்து நான் அவரிடம் சத்தம் போட்டேன். அந்த ஆளைப் பற்றி ஏன் சொன்னீர்கள், யார் கேட்டார்கள் என்றேன்.

“அவரும் வந்தாருல்ல டாக்டர்” என்றார்.

கொஞ்ச தூரம் நடந்தபிறகு, அங்கே வர ஆரம்பித்ததிலிருந்து அந்த மனிதர் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார் என்பதைச் சொன்னார். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்களாம். அதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேன், நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள், அவர்கள் சந்தோஷத்தில் இருந்தார்கள், ரெண்டு பக்கமும் காதில் விழவில்லை என்றார். அப்போது எங்களுக்கு முன்னால் சோழவந்தான் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை ஆளுக்கொரு டீ குடித்தோம்.

கட்டணம் வைத்ததும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. தேவையில்லாதவர்கள் நின்றுவிட்டார்கள் என்று மதுரையில் எல்லோருக்கும் நிம்மதி. மரகதவல்லி மறுபடியும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். நின்றுபோனவர்கள் யார் என்று பார்த்தார். போஸ்ட்மேன் நிற்கவில்லை. அவருக்கு பென்ஷன் வருகிறது, கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நின்றவர்கள் பெண்கள். ஒவ்வொரு தடவையும் கட்டணத்துக்கு வீட்டு ஆண்களிடம் கேட்க வேண்டியவர்கள். புரை விழுந்த கண்ணோடு பாய் விரித்தவளும் அதில் உண்டு. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது. இன்னொன்று அப்படியே நின்றது.

இதையும் போய்ச் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். அடுத்த வருடம் மில்லாஸ்பத்திரி மாதம் ஒருமுறை நடக்கும் முகாமாக மாறியது. அதற்கடுத்து அதுவும் இல்லை. தலைவர் என்னிடம் தனியாக வருத்தப்பட்டார். அவர் மீது எனக்கு இன்றும் குறையில்லை. போடுவதாகச் சொன்ன பணத்தைவிட அதிகமாகத்தான் போட்டார்.

*

இந்த முடிவு என்னைவிட அவரை அதிகம் பாதித்தது. ஆரம்பத்தில் வந்த கூட்டம் பல வருடங்களாகச் சேர்ந்து கிடந்த நோய், அதைத் தீர்த்துவிட்டால் கூட்டம் தானாகக் குறைந்து ஒரு அளவில் நிற்கும் என்று அவர் நினைத்தார். ஒருவேளை குறையாமலும் போகலாம் என்றும் நினைத்தார். இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடியிருந்தால் எது என்று தெரிந்திருக்கும். பணத்தைவிட, பதில் தெரியாமல் மூடிவிட்டார்களே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

பின்னால் சென்னையில் ஓர் அரசுக் குழு அவரைக் கூப்பிட்டது. பெரிய அளவில் இதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். வில்லாபுரத்தில் மாடியில் இருந்த தன் வாடகை வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதினார். அவனியாபுரத்துக்கு மேலே விமானம் தாழ்ந்து வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். தெரிந்தவை பாதி, தெரியாதவை பாதி. எதெது தெரியாது, ஏன் தெரியாது, தெரிந்துகொள்ள என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அங்கிருந்து ஓர் அதிகாரி பேசினார். மிகவும் நன்றாக இருக்கிறது, தெரியாது என்று இருக்கிற பக்கங்களை மட்டும் எடுத்துவிடலாமா என்றார். எடுத்துவிடுங்கள், என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “செலவு எக்கச்சக்கமா ஆகும்னு சொன்னா, வேண்டாம்னு சொல்றவங்க என்னைய மேடையில ஏத்துவாங்க. ஆகாதுன்னு சொன்னா, வேணும்னு சொல்றவங்க ஏத்துவாங்க. தெரியலன்னு சொன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட ஒரு ஆள் வரமாட்டேங்கிறாங்க டாக்டர்.”

அவர் புலம்புகிறவர் அல்ல. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு நன்றாகக் கேட்டது.

*

போன வருடக் கடைசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலில் நீர் கோத்தது. இதயம் தளர்ந்துவிட்டிருந்தது. தனியாருக்குப் போகலாம் என்றேன். அரசு மருத்துவமனைக்குத்தான் போவேன் என்று போய்ச் சேர்ந்தார். வைத்தியம் நன்றாகவே நடந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சேர்ந்த அன்று நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி: கூட யார் இருக்கிறது? அந்த வார்டில் எல்லாப் படுக்கைக்கும் ஒரு ஆள் உண்டு. மகள், மருமகள், அக்கா, அம்மா. மாத்திரை வாங்கிவர, பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போக, கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போக. இவர் யாரும் இல்லை என்றிருக்கிறார். நர்ஸ் எழுதாமல் நின்றிருக்கிறாள். நான் திருமங்கலத்திலிருந்து மதியம்தான் போக முடிந்தது. நான் இருக்கிறேன் என்றதற்கு, உங்களுக்கே முட்டி வலி, போய் நோயாளிகளைப் பாருங்கள் என்று விரட்டினார். தம்பி மகன் விடுப்புக் கிடைத்து வரச் சில நாட்கள் ஆயின.

அந்த நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டது பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகள். பெயர் செல்வி. கொடிக்காலில் கூலிக்குப் போகிறவள். மாமியாருக்கு வாங்கும் டீயில் பாதியை இவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். மாமியாரை நடத்திக்கொண்டு போய் வந்த பிறகு இவரையும் பிடித்து நடத்தினாள். நான் போகும்போது இவர் தலையைப் படிய வாரிவிட்டுக்கொண்டிருப்பாள். மரகதவல்லி சும்மா இருப்பாரா? அவளிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார். இங்கே வந்து உட்கார்ந்திருப்பதால் கூலி போகிறதா, வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சமைக்கிறார்கள், ஆட்டை யார் பார்க்கிறார்கள். செல்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கூலி போகிறது. ஆட்டை ஒன்றை விற்றாகிவிட்டது. பெரியவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுச் சமைக்கிறாள்.

ஒரு மதியம் செல்வி வெளியே போயிருந்தாள். மரகதவல்லி தலையணையை நிமிர்த்தச் சொன்னார்.

“டாக்டர், அம்புட்டு வருஷம் கணக்குப் போட்டோமே. மருந்து, டாக்டர் சம்பளம், நர்சு, கட்டடம், கரண்டு. கூட இருக்குற ஆளுக்கு என்ன போட்டோம்?”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“சைபர் போட்டோம்” என்றார். “வீட்டுப் பொம்பளைங்க பாத்துக்குவாங்கன்னு சைபர் போட்டுட்டோம். வீட்டுல பொம்பளையே இல்லாத ஆள நெனக்கவே இல்ல. என்னையே நெனக்கல பாருங்க.”

மூச்சு வாங்கியது. பேச வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது ஆஸ்பத்திரியில் இலவசம், வீட்டில் ஓர் ஆடு, ஒரு பிள்ளையின் படிப்பு. இதையெல்லாம் சேர்த்தால் நாம் சொன்ன பெரிய தொகையும் சின்னதாகிவிடும். அப்புறம் எவன் ஆரம்பிப்பான்? சேர்க்காவிட்டால் நாம் சொல்வது உண்மையில்லை. நிறுத்தி நிறுத்தி இதைச் சொல்லி முடித்தார். என்ன செய்யலாம் மேடம் என்று கேட்டேன். அப்படி ஒரு நிலையிலும் அவர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“தெரியலியே டாக்டர்.”

செல்வி வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். அவள் கையை எடுக்காமல், இடது கையால் தன் மாமியாருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு தம்பி மகன் வந்தார். வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் சுமாராக இருந்தார். அப்புறம்தான் அந்தக் காலை.

*

இந்தக் கடைசி வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்வார். நலம் விசாரிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எடுத்ததுமே, இந்த வாரம் உங்கள் கிளினிக்கிற்குப் புதிதாக யார் வந்தார்கள், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று சொன்னார்களா என்பார். நான் சொல்வேன். நான் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவோம். என் கணவர் போனபிறகு வாரத்தில் யாரோடாவது நான் குரல் உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று யோசித்தேன். அவருடைய புத்தகங்கள் கல்லூரிக்குப் போய்விட்டன. தெரியாததைத் தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்வதை எடுத்துக்கொள்ள ஆசைதான். டாக்டர்களுக்கு அது லேசில் வராது. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று வந்துவிட்டது. அந்த வார்டிலிருந்து திரும்பிய பிறகு, நோயாளியைப் பார்த்து முடித்ததும், அவருக்குப் பின்னால் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேட்கிறேன். போன வாரம் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருப்பவர். மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அந்தக் கணவரைக் கேட்டேன். “எனக்கென்ன டாக்டரம்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். நான் பேனாவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல மாதமாகத் தனக்கு மார்பு அடைப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவரைப் பரிசோதித்து, மதுரைக்கு அனுப்பிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. இதை இனி யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.